கேமராவுக்குத் தெரியாத நீலம்

என் நாத்தனார் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஐம்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரு தட்டைக்கூட அவள் நங்கென்று வைத்ததில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான். எனக்கெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்துவேன், கதவை அறைவேன், அரை மணியில் எல்லாம் மறந்துபோய் "டீ போடட்டுமா?" என்று கேட்பேன். அவளோ எதற்கும் "சரி அண்ணி" என்று ஒரு சிரிப்பு. அத்தனை "சரி அண்ணி"யும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் காமிக்ஸுக்கு எழுத்து எழுதியவள். படக்கதையில் ஆட்கள் பேசுவது ஒரு பலூனுக்குள் இருக்கும் இல்லையா, அந்தப் பேச்சைக் கையால் எழுதுகிற வேலை. ஒரு வாரப் பத்திரிகை அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத மூலையில், அவளுக்கு ஒரு சாய்வு மேசை. கெட்டி அட்டையில் ஓவியர் படம் வரைந்து கொடுப்பார். பலூனுக்குள் இவள் இளநீலப் பென்சிலால் மெல்லிய கோடுகள் இழுத்து, அந்தக் கோடுகளின்மேல் கறுப்பு மையால் எழுதுவாள். அட்டை பிறகு கேமரா அறைக்குப் போகும். அங்கே படம் பிடிக்கிறவர் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன். அந்தக் காலத்து ஃபிலிமில் கறுப்பு மட்டும்தான் விழும், இளநீலம் விழாது. அதனால் நீலத்தை யாரும் அழிக்க மாட்டார்கள். அழிப்பது வெட்டி வேலை. "எங்க கண்ணுக்கே நீலம் தெரியாது" என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தத் தொழிலில் இருந்த எல்லாருக்கும் அதே கண்தான்.

கதையின் பெயர் 'பூட்டுக்காரி'. வாரம் இரண்டு பக்கம். இடுப்பில் முந்நூறு சாவியோடு ஒரு பெண். அடிதடி கிடையாது, துப்பாக்கி கிடையாது. பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்து, காதை வைத்துக் கேட்பாள். உள்ளே என்ன நடந்தது என்று பூட்டு அவளுக்குச் சொல்லிவிடும். அந்தக் காது எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா! வியாழக்கிழமை பத்திரிகை வந்தால் எங்கள் தையல் கடையில் மெஷின் ஓடாது. நான் அங்கே பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் நூலைப் பல்லால் கடித்தபடி கேட்போம். அப்படிக் கடித்துக் கடித்தே என் முன்பல்லில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது, இன்றும் இருக்கிறது.

முதல் முப்பது வாரம் ஓவியர் வரைந்தார், இல்லையென்று சொல்லவில்லை. அப்புறம் ஐயாவுக்குப் பெரிய இடத்துப் பழக்கம் வந்துவிட்டது. அலுவலகத்துக்கு வருவதே குறைந்தது. ஒரு வாரம் குதிரை பாதியில் நின்றது, இவள் முடித்தாள். அடுத்த வாரம் தெரு முழுக்க இவள். முப்பத்தோராம் வாரத்திலிருந்து கதை, படம், எழுத்து என்று மொத்தப் பக்கமும் இவள். சனிக்கிழமை ஓவியர் வருவார், மூலையில் கையெழுத்துப் போடுவார், போவார். அப்படி நூற்று எண்பத்திரண்டு வாரம்! பத்தொன்பது வயதில் தொடங்கியவள், கண்ணுக்குக் கீழே கருவளையம் வாங்கியதுதான் மிச்சம்.

ஒரு தடவை முதலாளியிடம் போய்க் கேட்டாள். படம் என்று போட வேண்டாம், எழுத்து என்றாவது என் பெயரைப் போடுங்கள் என்று. அவர் சிரித்தாராம். "உனக்குப் பேரு போட்டா நாளைக்கு பசை தடவுறவனும் வந்து நிப்பான்மா. போய் வேலையப் பாரு."

வீட்டில் வந்து சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. "நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்காம வந்தியா?" என்றேன்.

"விடுங்க அண்ணி" என்றாள்.

பிறகு ஓவியர் சங்கம் ஒரு பரிசு அறிவித்தது. சிறந்த படக்கதை, பூட்டுக்காரி. மேடையில் ஓவியருக்கு மாலை. "இந்தக் கதையில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னார். நாங்கள் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கை தட்டினாள்.

மறுநாள் அவள் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'எங்கள் இருவரையும் ஓர் அறையில் உட்கார வையுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை கொடுங்கள். பூட்டுக்காரியின் காதை வரையச் சொல்லுங்கள்.' அவ்வளவுதான் கடிதம். கூடவே ஆறு மாதிரிப் படங்கள். உறையை ஒட்டி, "கடைக்குப் போற வழியில போட்டுடுங்க அண்ணி" என்று என்னிடம் கொடுத்தாள்.

இனி சொல்வதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. கடிதத்தை நான் போடவில்லை. அவருக்குக் கேமரா அறை வேலை வாங்கிக் கொடுத்ததே அந்த ஓவியர்தான். மூத்தது இடுப்பில், இரண்டாவது வயிற்றில். கடிதம் போய்ச் சேர்ந்தால் அண்ணன் தங்கை இரண்டு பேர் வேலையும் ஒரே நாளில் போகும். தபால் பெட்டி வரை போனேன், அதன் வாயில் பாதி நுழைத்தேன், வெளியே எடுத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டில் கரி இஸ்திரிப் பெட்டியைப் பற்றவைத்து, உறையை நாலாக மடித்து உள்ளே போட்டேன். அதே சூட்டில் என் வீட்டுக்காரரின் சட்டையையும் தேய்த்துவிட்டேன். பாவி என்று திட்டுகிறீர்களா? திட்டுங்கள். நானும் திட்டிக்கொண்டதுதான்.

தபால்காரர் வரும் நேரத்துக்கு அவள் வாசலில் நிற்பாள். மூன்று மாதம் நின்றாள். பதில் வரவில்லை. எப்படி வரும்? இருநூற்றுப் பன்னிரண்டாம் வாரத்தோடு கதையை முடித்துவிட்டு வேலையை விட்டாள். அப்புறம் வீட்டுப் பெயர்ப் பலகை, வண்டி நம்பர் பலகை என்று எழுதிப் பிழைத்தாள். படம் என்று ஒரு கோடு இழுக்கவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள். பின்கட்டு அறையில் அவள், முன்கட்டில் நாங்கள். என் பிள்ளைகளை அவள்தான் வளர்த்தாள் என்றுகூடச் சொல்லலாம். ஒரு விசித்திரமான பழக்கம் மட்டும் உண்டு. வீட்டில் எந்தக் கடிதம் போட வேண்டியிருந்தாலும் அவளே போய்ப் போட வேண்டும். மழையோ வெயிலோ குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "தபால் பெட்டிக்கு மாமியார் இவதான்" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பாள்.

கதையின் கடைசிப் பதின்மூன்று வாரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் புதிதாக ஒரு வில்லி வந்தாள். சாவி விழுங்கி என்று பெயர். ஊரில் இருக்கிற சாவியை எல்லாம் திருடி விழுங்கிவிடுவாள், கழுத்தில் பாம்பைச் சுற்றிக்கொண்டு திரிவாள். பத்திரிகைத் தாள் மட்டமான தாள், மை ஊறி முகமெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். ஆனாலும் எங்கள் கடையில் அவளைத் திட்டாத வாய் இல்லை. நானே வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். "அந்த முண்டத்த லேசுல விட்டுடாத. நல்லா அனுபவிக்கட்டும்."

"சரி அண்ணி" என்றாள்.

பத்திரிகை நின்றது. முதலாளி போனார், என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். பூட்டுக்காரியை மட்டும் படித்தவர்கள் மறக்கவில்லை. பழைய இதழ்களைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்ததை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸையே ஜெராக்ஸ் எடுத்து, கண்ணும் மூக்கும் தெரியாத காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் அலைந்தது. முழுத் தொகுப்பு போடுங்கள் என்று வருடக்கணக்கில் நச்சரித்தார்கள். கடைசியில் முதலாளியின் மகன் குடோனைத் திறந்தார். நானூற்று இருபத்துநான்கு அட்டையும் கட்டுக் கட்டாக அப்படியே இருந்ததாம். எண் எழுதிய மேல்தாளை மட்டும் எலி கடித்துவிட்டது. எது முன்னே எது பின்னே என்று ஓவியரைக் கேட்டிருக்கிறார்கள். முப்பதுக்கு மேல் அவருக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லையாம். எப்படித் தெரியும்? வரைந்திருந்தால்தானே!

அதனால் அட்டைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஸ்கேன் எடுக்கும் பெண் ஒருத்தி காரில் கொண்டுவந்து இறக்கினாள். என் நாத்தனார் சாப்பாட்டு மேசையில் பரப்பி, இரண்டே நாளில் வரிசைப்படுத்தினாள். அந்தப் பெண் அசந்துபோனாள். "வரைஞ்சவருக்கே தெரியல, உங்களுக்கு எப்படிம்மா தெரியுது?"

"எழுத்து எழுதுனேன்ல, கதை ஞாபகம் இருக்கு" என்றாள் இவள்.

பிறகு அந்தப் பெண் சாதாரணமாக ஒன்று கேட்டாள். "நாங்க கலர்ல ஸ்கேன் பண்றோம்மா. கறை, ஒட்டுத்தாள், வெள்ளை பூசுனது, எல்லாம் அப்படியே தெரியும். ஆனா பலூனுக்குள்ள நீலக் கிறுக்கல் நிறைய இருக்கு. கம்ப்யூட்டர்ல ஒரே நிமிஷத்துல எடுத்துடலாம். எடுத்துடட்டுமா?"

என் நாத்தனாரின் கை அட்டையின்மேல் அப்படியே நின்றது. டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த எனக்கே அது தெரிந்தது.

"என்னக் கேக்காதம்மா. படம் போட்டவர்கிட்ட கேளு. இந்த நீலமெல்லாம் உங்க கையா, வெக்கவா எடுக்கவான்னு அவர்கிட்டயே கேளு" என்றாள்.

பெண் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எண்பது தாண்டிய குரல், கம்பீரத்துக்கு மட்டும் குறைவில்லை. "நீலமா? என் கைதாம்மா அது. மை போடறதுக்கு முன்னாடி நான் பென்சில்ல தேடுவேன். கலைஞன் தேடுறது தெரியணும் ஜனங்களுக்கு. ஒரு கோடுகூட அழிக்கக் கூடாது!"

"இத அப்படியே முன்னுரையில போடச் சொல்லு. படிக்கிறவங்க தெரிஞ்சுக்கட்டும்" என்று என் நாத்தனார் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னாள்.

பெண் போனதும் இவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "என்னடி பைத்தியமா?" என்றேன். அந்தப் பெண் கொடுத்துவிட்டுப் போன கலர் நகல் கட்டிலிருந்து ஒன்றை உருவி, லென்ஸை என் கண் முன்னால் பிடித்தாள். பலூனுக்குள் இரண்டு கறுப்பு வரிகளுக்கு நடுவே, கோடு என்று நான் நினைத்திருந்த இடத்தில், கடுகைவிடச் சின்ன நீல எழுத்து. 'இன்றும் அவர் வரவில்லை. குதிரை, வண்டி, மழை எல்லாம் நான்.' இன்னொன்றில், 'சனிக்கிழமை. வந்தார். கையெழுத்துப் போட்டார். என் டீயைக் குடித்தார்.' இன்னொன்றில், 'பூட்டுக்காரிக்கு எந்தக் கையில் சாவி என்று கேட்கிறான் தடியன்.' வாரா வாரம், தேதி போட்டு, பெயர் போட்டு! அண்ணன்காரர் அதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து விளக்குப் போட்டுப் படம் பிடித்திருக்கிறார், ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அவருக்குத்தான் நீலம் தெரியாதே!

அச்சாகி வரும்வரை இரண்டு மாதம் எங்களுக்கு அதே கவலைதான். யாராவது படித்துவிட்டால்? கடைசி நேரத்தில் அழித்துவிட்டால்? அவள் பெயர் இந்த உலகத்தில் இருக்கிற ஒரே இடம் அந்தப் பலூன்கள்தான். போன் மணி அடித்தால் அவள் முகம் வெளுத்துவிடும். அவளைவிட நான் அதிகம் துடித்தேன். அந்தக் கிழவனின் மாலையும் மைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவன் குட்டு உடைய வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும், நான் உயிரோடு இருந்து பார்க்க வேண்டும். இதுதான் என் வேண்டுதல்.

புத்தகம் வந்தது. ஆளைத் தூக்கிப் போடுகிற கனம், பளபளவென்ற தாள், அட்டையின் அளவிலேயே பக்கங்கள். விழாவில் ஓவியருக்கு மறுபடியும் மாலை. ஐந்தாம் நாள், எவரோ ஒரு வாசகர் லென்ஸ் வைத்துப் படித்து, இணையத்தில் ஒரு படம் போட்டார். 'பலூனுக்குள் நீலத்தைப் படியுங்கள்' என்று ஒரே வரி. அவ்வளவுதான், ஒரு வாரத்தில் ஆளாளுக்கு லென்ஸ் வாங்கிவிட்டார்கள். 'என் டீயைக் குடித்தார்' என்று சொல்லிச் சொல்லியே அந்த ஓவியரை இன்றைக்கும் கலாய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாளியின் மகன் மூச்சு வாங்க வந்து நின்றார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நான் என்ன தம்பி பண்ணேன்? நீலமெல்லாம் தன் கைன்னு அவரே முன்னுரையில எழுதியிருக்காரு. அப்ப, அவரே அவரத் திட்டிக்கிட்டாரா? போய்க் கேளுங்க. தான் எழுதலன்னு சொன்னார்னா, எழுதுனது யாருன்னும் அவரே சொல்லட்டும்" என்றாள்.

அவர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார். ஓவியர் வீட்டுக் கதவு அன்றிலிருந்து திறக்கவேயில்லையாம். இரண்டாம் பதிப்பில் மேலட்டையிலேயே என் நாத்தனாரின் பெயர் வரும் என்று முடிவானது, சங்கமும் மன்னிப்புக் கேட்டு எழுதியது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வேண்டும் அவனுக்கு, நன்றாக வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன்.

சின்ன எழுத்து என் கண்ணுக்கு எட்டாது. "நான் படிச்சுக் காட்டறேன் அண்ணி" என்றாள். மத்தியானம் சாப்பிட்டதும் ஜன்னல் ஓரம் உட்கார்வோம். ஒரு நாளைக்குப் பத்து வாரம் வீதம், லென்ஸைப் பிடித்துப் படிப்பாள். முதலாளிக்கு ஒரு திட்டு, ஓவியருக்கு நாலு திட்டு. நான் தொடையைத் தட்டிச் சிரிப்பேன். "இன்னொரு தடவ படி!" என்பேன். பரிசு விழா வாரம் வந்தது. 'கை தட்டினேன். கை எரிகிறது' என்று இருந்தது. அடுத்து, 'அண்ணியிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன்.' கடிதம் தபாலில் தொலைந்ததாகத்தானே அவள் நினைத்திருப்பாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது முடிந்தது. இருநூறாவது வாரத்தைப் புரட்டி, புத்தகத்தை என் மடியில் வைத்தாள். லென்ஸை என் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு மேல நீங்களே படிச்சுக்கோங்க அண்ணி."

சாவி விழுங்கி வருகிற முதல் பக்கம். மட்டத் தாளில் அன்று கறுப்பாக அப்பியிருந்த முகம், இந்தத் தாளில் மயிர்க்கோடு விடாமல் தெரிந்தது. முன்பல்லில் ஒரு பள்ளம். கழுத்தில் இருந்தது பாம்பு இல்லை. தையல்காரியின் அளவு நாடா, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்கூட இருந்தன. வயிறு லேசாக மேடிட்டிருந்தது. அன்று இருபத்துமூன்று வயதில் நான் எப்படி இருந்தேனோ, அச்சு அசல் அப்படியே. பலூனுக்குள் நீலம். 'காலையில் இஸ்திரிப் பெட்டிச் சாம்பலைக் கொட்டினேன். என் பூட்டுக்காரியின் காது ஒன்று கருகாமல் கிடந்தது. அண்ணி கடிதத்தைப் போடவில்லை. தினமும் வாசலில் நிற்பேன். நான் நிற்பதை அவள் பார்க்கட்டும்.'

மூன்று மாதம் அவள் வாசலில் நின்றது தபால்காரருக்காக இல்லை. ஐம்பது வருடம் குடையைத் தூக்கிக்கொண்டு தபால் பெட்டிக்குப் போனதும் ஏன் என்று புரிந்தது. "அந்த முண்டத்த லேசுல விட்டுடாத" என்று சொன்ன வாய் என் வாய்தான். பதின்மூன்று வாரம் என் முகத்தை வரைந்து, பதின்மூன்று வாரமும் என்னையே திட்ட வைத்திருக்கிறாள். அவள் சோற்றைப் பிசைந்து என் பிள்ளைகளுக்கு ஊட்டியபோதும், என் பிரசவத்துக்கு வெந்நீர் வைத்தபோதும், எல்லாம் தெரிந்துதான் "சரி அண்ணி" என்றிருக்கிறாள்.

எழுந்து போனால் அவள் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

"தப்புதான்டி. புள்ளைங்களுக்காகப் பண்ணேன்" என்றேன்.

"தெரியும் அண்ணி."

"பேரப்புள்ளைங்க எல்லாம் புத்தகம் கேட்டிருக்கு. என்ன அடி, என்ன வேணா சொல்லு. ரெண்டாம் பதிப்புல அந்த ஒரு பக்கத்து நீலத்த மட்டும் எடுத்துடச் சொல்லேன். கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலைதானாமே."

டம்ளரை என் கையில் கொடுத்தாள். நுரை ததும்பியது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"எடுக்கவா வெக்கவான்னு அவங்களும் கேட்டிருந்தாங்க அண்ணி. ஒரு கோடுகூட அழிக்கக் கூடாதுன்னு பதில் எழுதிட்டேன்" என்றாள். "காலையில நானே போய்ப் போட்டுட்டும் வந்துட்டேன்."